பாம்பு விஷத்தை முறிக்கும் ஆன்டிபாடி எப்படி உருவாகுது? செல்லுக்குள் நடக்கும் மரபணு 'வெட்டி ஒட்டும்' வேலை - முழு விளக்கம்

ஏற்காடு மலையில் வெள்ளக்கடை மாதிரியான கிராமங்களில் காபித் தோட்ட வேலை என்பது சருகுக்கு நடுவே கை வைக்கிற வேலை. களை எடுக்கணும், கீழே விழுந்த பழத்தைப் பொறுக்கணும், மிளகுக்கொடி ஏறிய மரத்தைப் பிடிக்கணும். சருகுக்கு அடியில் என்ன படுத்திருக்கு என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுக் கை வைக்க முடியாது.

விஷப்பாம்பு கடித்துவிட்டால், உடம்புக்குள் போன விஷத்தை முறிக்க இன்று மருத்துவமனைகளில் இருப்பது ஒரே வகை மருந்துதான். டாக்டர்கள் ஏ.எஸ்.வி. என்று சொல்லும் பாம்பு விஷமுறிவு மருந்து. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

சரி, அந்த மருந்துக்குள் என்னதான் இருக்கு? சில பாம்புகளின் விஷத்தை முறிக்கிற மருந்து வேறு சில பாம்புகளிடம் ஏன் தோற்றுப்போகுது? இதற்கான பதில் ஒரு செல்லுக்குள், அதன் மரபணுவில் நடக்கும் ஒரு விநோதமான வேலையில் இருக்கிறது.

அந்த பாட்டிலில் என்ன இருக்கு?

அது ஆலையில் கலந்து தயாரித்த ரசாயனம் இல்லை. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி. பள்ளிப் புத்தகத்தில் 'எதிர்ப்பொருள்' என்று படித்திருப்பீர்களே, அதுதான்.

செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கப்பட்டது. இருளர் சமூகத்தினர் பிடித்துவரும் பாம்புகளிடம் இங்கே விஷம் எடுக்கிறார்கள். பிறகு பாம்புகளைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது நினைவிருக்கலாம்.

அந்த விஷத்தை மருந்து நிறுவனங்கள் வாங்கி, குதிரைக்குத் தீங்கு வராத மிகச்சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாக அளவைக் கூட்டி ஊசி போடுகின்றன. குதிரையின் உடம்பு விஷத்துக்கு எதிராக ஆன்டிபாடிகளை உருவாக்குகிறது. பிறகு ரத்தத்தை எடுத்து, ஆன்டிபாடியைப் பிரித்துச் சுத்தம் செய்து, உலர வைத்துப் பொடியாக்கி பாட்டிலில் அடைக்கிறார்கள். அந்தப் பொடியைக் கரைத்துத்தான் நோயாளிக்கு நரம்பு வழியே ஏற்றுகிறார்கள்.

ஆன்டிபாடி எப்படி விஷத்தைப் பிடிக்குது?

ஆன்டிபாடி ஒரு புரதம். உருவத்தில் கவட்டைக் குச்சி மாதிரி. இரண்டு கை, ஒரு கால். ஒவ்வொரு கையும் நீளமான 'கனச் சங்கிலி' ஒன்றின் முன்பகுதியும், சிறிய 'இலகு சங்கிலி' ஒன்றும் சேர்ந்தது.

கைகளின் நுனிதான் முக்கியம். விஷத்தில் உள்ள நச்சுப் புரதத்தின் மேடு பள்ளத்தோடு அந்த நுனி கச்சிதமாகப் பொருந்தினால், அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட நச்சு நரம்பையோ ரத்த உறைதலையோ போய்த் தாக்க முடியாது. பொருந்தாவிட்டால் ஆன்டிபாடி பக்கத்திலேயே மிதந்தாலும் பயன் இல்லை. ஒரு நுனி, அதற்குப் பொருந்தும் வடிவங்களை மட்டுமே பிடிக்கும்.

கணக்கு எங்கேயோ இடிக்குதே?

உலகத்தில் எத்தனை கிருமி, எத்தனை நச்சு! ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நுனி வேண்டும். கோடிக்கணக்கான வகை ஆன்டிபாடிகளை நம் உடம்பால் செய்ய முடியும். ஆனால் ஒரு புரதத்தைச் செய்ய ஒரு மரபணு வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. மனிதனிடம் புரதம் செய்யும் மரபணுக்கள் மொத்தமே சுமார் 20,000. அப்போ கோடிக்கணக்கான ஆன்டிபாடிக்கு மரபணு எங்கிருந்து வந்தது?

பல ஆண்டுகள் விஞ்ஞானிகளைக் குழப்பிய கேள்வி இது. பதிலை நிரூபித்தவர் ஜப்பானைச் சேர்ந்த சுசுமு டோனேகாவா. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வேலை பார்த்தபோது, 1976-ல் நோபுமிச்சி ஹோசுமியுடன் சேர்ந்து அவர் செய்த சோதனை ரொம்ப எளிமையானது. எலிக்கருவின் டிஎன்ஏ ஒரு பக்கம். ஆன்டிபாடி செய்யும் எலிப் புற்றுச்செல்லின் டிஎன்ஏ இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே மாதிரி வெட்டி, ஆன்டிபாடி மரபணுவின் துண்டுகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தார்.

கருவில் தள்ளித் தள்ளி இருந்த துண்டுகள், ஆன்டிபாடி செய்யும் செல்லில் பக்கத்தில் வந்து சேர்ந்திருந்தன. உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏதான் இருக்கும், அது மாறாது என்ற நம்பிக்கை அதோடு உடைந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்காக 1987-ல் மருத்துவ நோபல் பரிசு அவர் ஒருவருக்கே முழுசாகக் கொடுக்கப்பட்டது.

பந்தியில் பரிமாறுகிற மாதிரி ஒரு கணக்கு

ஆன்டிபாடி செய்யும் செல்லுக்கு பி செல் என்று பெயர். எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது. அதன் டிஎன்ஏவில் ஆன்டிபாடி மரபணு முழுசாக இருக்காது. துண்டு துண்டாக வரிசையில் இருக்கும். மனிதரின் கனச் சங்கிலிக்கு மூன்று வகைத் துண்டுகள்: 'வி' வகையில் சுமார் 40, 'டி' வகையில் 23, 'ஜே' வகையில் 6.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் கட்டில் 40 வகைப் பொரியல், 23 வகைக் கூட்டு, 6 வகைப் பாயசம் தயாராக இருக்கு. ஆனால் ஒரு இலைக்கு ஒரு பொரியல், ஒரு கூட்டு, ஒரு பாயசம்தான். எத்தனை விதமாக இலை போடலாம்? 40-ஐ 23-ஆல் பெருக்கி, அதை 6-ஆல் பெருக்கினால் 5,520. வெறும் 69 பதார்த்தத்தில் 5,520 விதமான சாப்பாடு.

இலகு சங்கிலிக்கும் இதே கதைதான். அதில் கப்பா, லாம்டா என்று இரண்டு வகை. இரண்டிலும் 'டி' துண்டு கிடையாது. கப்பாவில் சுமார் 200, லாம்டாவில் சுமார் 120 சேர்க்கைகள். ஆக 320. எந்தக் கனச் சங்கிலியும் எந்த இலகு சங்கிலியோடும் சேரலாம் என்று வைத்துக்கொண்டால், 5,520 பெருக்கல் 320. விடை 17,66,400.

குதிரையிடம் துண்டுகளின் எண்ணிக்கை வேறு. ஆனால் முறை இதேதான்.

வெட்டுவது யார், ஒட்டுவது யார்?

வெட்டுவது ராக்-1, ராக்-2 என்ற இரண்டு புரதங்கள். 1989, 1990-களில் அமெரிக்காவில் டேவிட் ஷாட்ஸ், மார்ஜோரி ஓட்டிங்கர் ஆகியோர் இவற்றின் மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள்.

ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் 'இங்கே வெட்டு' என்று ஒரு குறி டிஎன்ஏ எழுத்துகளிலேயே இருக்கிறது. குறியில் இரண்டு வகை. ஒன்றில் இடைவெளி 12 எழுத்து, இன்னொன்றில் 23 எழுத்து. ஒரு 12-உம் ஒரு 23-உம் தான் ஜோடி சேர முடியும். கனச் சங்கிலியில் 'வி'க்கும் 'ஜே'வுக்கும் 23 எழுத்துக் குறி, நடுவில் உள்ள 'டி'க்கு இரண்டு பக்கமும் 12. அதனால் 'டி'யைத் தாண்டி 'வி'யும் 'ஜே'வும் நேரடியாக ஒட்டிக்கொள்ள முடியாது. முதலில் 'டி'யும் 'ஜே'வும் சேரும், பிறகு 'வி' வந்து ஒட்டும். இடையில் கிடந்த டிஎன்ஏ வெளியே போய்விடும்.

வெட்டிய முனைகளை ஒட்டுவது, டிஎன்ஏ உடைந்தால் சரிசெய்ய எல்லாச் செல்லிலும் இருக்கிற பழுதுபார்க்கும் புரதங்கள். இங்கேதான் இன்னொரு வேடிக்கை. ஒட்டும் இடத்தில் ஒன்றிரண்டு எழுத்து உதிரும். எந்த மாதிரியையும் பார்க்காமல் சில புது எழுத்துகளைச் சேர்ப்பதற்கென்றே ஒரு நொதியும் இருக்கிறது. அதனால் அதே 'வி', அதே 'டி', அதே 'ஜே' சேர்ந்தாலும் இரண்டு பி செல்லில் ஒட்டு ஒரே மாதிரி இருக்காது. இதையும் சேர்த்தால், உருவாகக்கூடிய வகைகள் 17 லட்சத்திலிருந்து பத்தாயிரம் கோடியையும் தாண்டிவிடும்.

இதற்கு ஒரு விலையும் இருக்கு. டிஎன்ஏவை மூன்று மூன்று எழுத்தாகத்தான் செல் படிக்கும். கண்டபடி எழுத்து சேர்ந்தால், மூன்றில் இரண்டு ஒட்டுகள் வரிசை பிசகி வீணாகும். சரியான ஆன்டிபாடி செய்ய முடியாத பி செல்கள் மஜ்ஜையிலேயே இறந்துவிடும். நம் சொந்த உடம்பையே பலமாகப் பிடிக்கிற செல்களில் பெரும்பாலானவையும் அங்கேயே வடிகட்டப்படும், அல்லது மாற்றி அமைக்கப்படும்.

விஷத்தைப் பார்த்த பிறகுதான் இதெல்லாம் நடக்குதா?

இல்லைங்க. முக்கியமான விஷயமே இதுதான்.

பாம்பு விஷம் உள்ளே வந்ததும் உடம்பு அதன் வடிவத்தை அளந்து பார்த்து அதற்கேற்ற ஆன்டிபாடியைத் தைத்துக் கொடுப்பதில்லை. வெட்டி ஒட்டும் வேலை முன்கூட்டியே, எதிரி யாரென்றே தெரியாமல் நடந்து முடிகிறது. லட்சக்கணக்கான வடிவங்களில் பி செல்கள் காத்திருக்கும். விஷம் வரும்போது, அதனுடன் தற்செயலாகக் கொஞ்சம் பொருந்துகிற சில செல்கள் மட்டும் தூண்டப்பட்டுப் பெருகும். அதாவது விஷம் ஆன்டிபாடியை உருவாக்குவதில்லை, இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது.

பெருகும்போது இரண்டாவது சுற்று மாற்றம் நடக்கும். ஏஐடி என்ற நொதி, ஆன்டிபாடி மரபணுவில் அங்கங்கே எழுத்துகளை மாற்றிவிடும். ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ குழு 1999-ல் கண்டுபிடித்த நொதி இது. இந்த மாற்றத்தால் பிடிமானம் கூடிய செல்கள் பிழைத்துப் பெருகும். குறைந்தவை அழியும். குதிரைக்கு ஒரே ஊசியோடு நிறுத்தாமல் திரும்பத் திரும்ப விஷம் கொடுப்பது இதனால்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஆன்டிபாடியின் அளவும் கூடும், பிடியும் இறுகும். தடுப்பூசியில் பூஸ்டர் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

அப்போ நம்ம உடம்பே ஆன்டிபாடி செஞ்சுக்கக் கூடாதா?

செய்யும். ஆனால் நேரம் போதாது. பொருத்தமான பி செல்கள் தேர்வாகி, பெருகி, போதுமான ஆன்டிபாடி ரத்தத்தில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். விஷமோ சில மணி நேரத்தில் மூச்சை நிறுத்தலாம், ரத்தத்தை உறையவிடாமல் செய்யலாம். அதனால் குதிரை பல மாதங்களில் செய்து முடித்த வேலையை நாம் கடனாக வாங்கிக்கொள்கிறோம். வெறிநாய் கடித்தால் தடுப்பூசியோடு சில நேரம் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் இப்படி வாங்கிய ஆன்டிபாடிதான்.

குழந்தைக்கும் பெரியவருக்கும் ஏ.எஸ்.வி. ஒரே அளவில் கொடுப்பதற்கும் காரணம் இருக்கு. பாம்பு, ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை. மருந்து முறிக்க வேண்டியது விஷத்தின் அளவை.

குதிரைப் புரதம் நமக்கு அந்நியம் என்பதால் சிலருக்கு மருந்து ஏற்றும்போதே ஒவ்வாமை வரும். அதனால்தான் அட்ரினலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு மருந்து ஏற்றுகிறார்கள். இன்னும் சிலருக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வரலாம். அது, குதிரையின் ஆன்டிபாடிக்கு எதிராக நம் பி செல்கள் தாமதமாகத் தயாரித்த ஆன்டிபாடியின் வேலை. வீட்டுக்குப் போன பிறகு இப்படி வந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிகிச்சை இருக்கு.

எல்லாப் பாம்புக்கும் இந்த ஒரே மருந்து போதுமா?

போதாது. இந்தியாவில் குதிரைக்குக் கொடுக்கப்படுவது நான்கு பாம்புகளின் விஷம்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். தேர்வு எழுத வந்தது இந்த நான்கும்தான். எனவே தேர்வாகிற ஆன்டிபாடிகளும் இந்த நான்கு விஷங்களுக்குத்தான் பொருந்தும்.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் காணப்படும் பச்சை நிற மூங்கில் விரியன் இந்தப் பட்டியலில் இல்லை. செடி, கொடி, புதர்களில் இருக்கும் பாம்பு என்பதால் தோட்ட வேலை செய்பவர்களின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கக்கூடியது. இதன் கடி பெரும்பாலும் கடும் வலியையும் வீக்கத்தையும் தரும், உயிரிழப்பு அரிது. ஆனால் நான்கு பாம்பு மருந்து இதற்கென்று தயாரானது இல்லை. டாக்டர்கள் வலி, வீக்கம், ரத்த உறைதல் ஆகியவற்றைக் கவனித்துத்தான் சிகிச்சை தருகிறார்கள்.

ஒரே இனப் பாம்பிலும் ஊருக்கு ஊர் விஷம் மாறுபடுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு நடத்திய ஆய்வுகள், சந்தையில் உள்ள மருந்தின் முறிவுத்திறன் பகுதிக்குப் பகுதி வேறுபடுவதைக் காட்டியிருக்கின்றன. எந்த விஷத்தைக் குதிரை பார்த்ததோ, அதற்குத்தான் மருந்து நன்றாக வேலை செய்யும்.

இது புதுப் பாடமும் இல்லை. 1890-களில் முதல் விஷமுறிவு மருந்தைச் செய்த பிரெஞ்சு விஞ்ஞானி ஆல்பர்ட் கால்மெட், நாகப்பாம்பு விஷத்தால் உண்டான மருந்து எல்லாப் பாம்புக்கும் உதவும் என்று நம்பினார். கண்ணாடி விரியன் விஷத்திடம் அது பலிக்கவில்லை என்று இந்தியாவில் பணியாற்றிய மருத்துவர் ஜார்ஜ் லாம்ப் காட்டினார்.

வெட்டி ஒட்டும் வேலை நின்றுபோனால்?

ராக் மரபணுக்களில் கடுமையான பழுதோடு பிறக்கும் குழந்தைகள் அரிதாக உண்டு. அவர்களிடம் வேலை செய்யும் பி செல்லும் இருக்காது, தைமஸில் இதே முறையில் உருவாகும் டி செல்லும் இருக்காது. சாதாரணக் கிருமியே உயிருக்கு ஆபத்தாகும். பிறந்ததும் போடும் பிசிஜி தடுப்பூசியில் உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி இருப்பதால், இந்தக் குழந்தைகளுக்கு அதுவே உடம்பு முழுக்கப் பரவலாம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் முக்கியமான தீர்வு. சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் அதிகம்.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் வரும். நெருங்கிய உறவில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுதல். முந்தைய குழந்தை காரணம் தெரியாமல் தொற்றால் இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே, பிசிஜி போடுவதற்கும் முன்பே, அதை டாக்டரிடம் சொல்வது நல்லது.

குதிரை இல்லாமலே மருந்து வருமா?

முயற்சி நடக்குது. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2024 பிப்ரவரியில் ஒரு செயற்கை மனித ஆன்டிபாடியை அறிவித்தன. பெயர் 95மேட்5. மஜ்ஜை செய்யும் வேலையை ஆய்வகத்தில் செய்திருக்கிறார்கள். கோடிக்கணக்கான ஆன்டிபாடி வடிவங்களை முதலில் உருவாக்கி, நச்சைக் காட்டி, நன்றாகப் பிடிப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். நாகப்பாம்பு வகை, ராஜநாகம், கட்டுவிரியன் வகை, ஆப்பிரிக்காவின் கருப்பு மாம்பா ஆகியவற்றில் உள்ள ஒரு முக்கிய நரம்பு நச்சுக் குடும்பத்தை அது எலிகளிடம் முறித்தது. விரியன்களின் விஷம் வேறு வகை என்பதால் அதற்கு இது உதவாது.

2025 மே மாதம் இன்னொரு செய்தி வந்தது. அமெரிக்காவில் டிம் ஃப்ரீடி என்பவர் பல ஆண்டுகளாகத் தனக்குத்தானே பாம்பு விஷத்தை ஏற்றிக்கொண்டவர். அவருடைய பி செல்களிலிருந்து எடுத்த இரண்டு ஆன்டிபாடிகளோடு ஒரு ரசாயன மருந்தையும் சேர்த்து, நாகம், கட்டுவிரியன் குடும்பத்தின் பல பாம்பு விஷங்களுக்கு எதிராக எலிகளில் சோதித்தார்கள். பலன் கிடைத்தது. அவர் செய்ததை யாரும் செய்து பார்க்கக் கூடாது, உயிர் போய்விடும். இரண்டுமே இன்னும் மனிதர்களுக்கான மருந்தாக வரவில்லை.

பாம்புக்கடி இறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைப்பது என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு தேசியத் திட்டம் வெளியிட்டது. அதுவரையிலும் கையில் இருப்பது குதிரை ஆன்டிபாடிதான். அது பிடிப்பது ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தை. நரம்பிலோ திசுவிலோ ஏற்கெனவே நடந்த சேதத்தை அது திருப்பி எடுக்காது. மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்குப் போக வேண்டிய ஊர்களில் ஒவ்வொரு நிமிடமும் கணக்குதான்.

பாம்பு கடித்தால் என்ன செய்யணும்?

- உடனே 108-க்குப் போன் பண்ணுங்கள். பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் மருந்து இருக்கு என்று கேட்டுப் போங்கள்.

- கடிபட்ட கை, காலை அசைக்காமல், எலும்பு முறிவுக்குச் சட்டம் வைப்பது போல வைத்துக் கட்டுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

- இறுக்கிக் கட்டுப் போட வேண்டாம். கீற வேண்டாம். வாயால் உறிஞ்ச வேண்டாம். பச்சிலை, மந்திரம் என்று நேரத்தை விட வேண்டாம்.

- பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். அறிகுறிகளையும் 20 நிமிட ரத்த உறைதல் சோதனையையும் வைத்தே டாக்டர்கள் முடிவெடுப்பார்கள்.

- வலி இல்லை, வீக்கம் இல்லை என்று அலட்சியம் வேண்டாம். ராத்திரியில் தூக்கத்தில் கடிக்கும் கட்டுவிரியனின் கடி பல நேரம் வலிக்கவே வலிக்காது. 'பச்சைப் பாம்புதானே' என்று நீங்களே முடிவு செய்யவும் வேண்டாம். எதுவாக இருந்தாலும் மருத்துவமனையில் ஒரு நாளாவது கண்காணிப்பில் இருப்பதுதான் பாதுகாப்பு.